எரிவாயு விலை ஏறினால் பங்குதாரருக்கு லாபமா?

ஏலக்காய் வணிகர்களுக்குக் கணக்கு எழுதுபவன் என்பதால், ஓய்வு பெறும்போது வரும் பணத்தை எதில் போடலாம் என்று நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. எரிவாயு விலை ஏறுகிறது என்று செய்தி வந்தால், "எரிவாயு எடுக்கும் கம்பெனியின் பங்கை வாங்கலாமா?" என்ற கேள்வியும் உடனே வரும். கொச்சி புதுவைப்பிலிருந்து மங்களூர் செல்லும் எரிவாயுக் குழாய் 2021 ஜனவரி முதல் நம் பாலக்காடு மாவட்டத்துக் கூற்றநாடு வழியாகச் செல்வதால், இதில் ஆர்வம் எழுவது இயல்பே.

ஆனால் விலை ஏறினால் பங்குதாரருக்கு லாபம் என்பது எப்போதும் சரியல்ல. காரணம், 'ஹெட்ஜிங்' எனப்படும் விலைப் பாதுகாப்பு.

ஹெட்ஜிங் என்றால் என்ன?

விலையின் ஆட்டம் இடுக்கி மலை விவசாயிக்குப் புதிதல்ல. புற்றடி ஏலத்தில் 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. 2022இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அறுவடைக்கு முன்பே விலை பேசி வைத்தால், விலை விழுந்தாலும் கவலையில்லை. ஏறினால் அந்த லாபம் நமக்கில்லை. கொச்சியில் மிளகுக்கு இத்தகைய முன்பேர வணிகம் 1957லேயே தொடங்கியது.

எரிவாயுவிலும் இதுவே நடக்கிறது. ஒரு கம்பெனிக்கு ஒரு யூனிட் எடுக்க 2 டாலர் செலவு. அடுத்த ஆண்டுச் சரக்கு முழுவதற்கும் 3 டாலர் விலை பேசிவிட்டது என்று கொள்வோம். சந்தை விலை 2 டாலராக விழுந்தாலும் 1 டாலர் லாபம் உண்டு. 6 டாலராக உயர்ந்தாலும் அதே 1 டாலர்தான்.

இரண்டு அமெரிக்க அனுபவங்கள்

செசபீக் எனர்ஜி கம்பெனி, 2012ஆம் ஆண்டுக்கு இருந்த விலைப் பாதுகாப்பில் பெரும்பகுதியை 2011இல் விலக்கிக் கொண்டது. 2012 ஏப்ரலில் எரிவாயு 2 டாலருக்கும் கீழே விழுந்தது. கடன் மிகுந்த அக்கம்பெனி சொத்துக்களை விற்க நேர்ந்தது.

இ.க்யூ.டி. கம்பெனியின் கதை நேர்மாறானது. 2021இல் விலை ஏறியது. ஆனால் சரக்கில் பெரும்பகுதிக்கு முன்பே குறைந்த விலை பேசப்பட்டிருந்தது. அந்த ஆண்டு அதன் நிகர நட்டம் 115 கோடி டாலருக்கு மேல். ஒப்பந்தங்களால் வந்த இழப்பில் ஒரு பகுதி கையிலிருந்து போன பணம். மறு பகுதி, இன்னும் எடுக்காத வாயுவின் ஒப்பந்தங்களை அன்றைய விலையில் மதிப்பிட்டதால் ஏட்டில் வந்த நட்டம்.

நம் நாட்டில்

ஓ.என்.ஜி.சி.யின் பழைய வயல்களில் கிடைக்கும் வாயுவுக்கு 2023 ஏப்ரலில் அரசு, பத்து லட்சம் பி.டி.யு. அளவுக்குக் குறைந்தது 4 டாலர், கூடியது 6.50 டாலர் என வரம்பு வைத்தது. 2025 ஏப்ரலில் மேல்வரம்பு 6.75 ஆயிற்று. இது கம்பெனி தானாகச் செய்துகொண்ட ஹெட்ஜிங் அல்ல. எனினும் பங்குதாரருக்கு விளைவு ஏறக்குறைய அதுவே. பெரிய வீழ்ச்சியும் இல்லை, பெரிய ஏற்றமும் இல்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. வரும் ஆண்டுச் சரக்கில் எத்தனை சதவீதத்துக்கு விலை பேசப்பட்டுள்ளது?
2. என்ன விலைக்கு, எந்த ஆண்டு வரை?
3. கம்பெனிக்குக் கடன் எவ்வளவு?

முதல் இரண்டும் ஆண்டறிக்கையின் குறிப்புகளில் இருக்கும். கடன் இருப்புநிலைக் குறிப்பில் தெரியும். ஹெட்ஜிங் சூதாட்டமல்ல, ஒருவகை இன்சூரன்ஸ் எனலாம். அதற்குப் பிரீமியமாக நாம் கொடுப்பது விலையேற்றத்தின் லாபம். ஆண்டுதோறும் டிவிடெண்ட் வந்தால் போதும் என்பவருக்குப் பாதுகாப்புள்ள கம்பெனி ஏற்றது. விலையேற்றத்தை நம்பி வாங்குபவர், அந்த ஏற்றம் ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். மகளின் கல்யாணத்துக்கு வைத்த பணத்தை இரண்டிலும் போடாதிருப்பதே நன்று.