கொள்ளுக்கொடியும் வாடைக்காற்றும்



தை மாதத்தில் ஒரு நாள் புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, சித்தன்னவாசலைத் தொட்டுக்கொண்டு குடுமியான்மலை வரை போய்த் திரும்பிய பிரயாணத்தைப் பற்றி நீ எழுதிப் பத்திரிகையில் வந்திருந்த வியாசத்தை, மாலையில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு முறையும், இராச் சாப்பாட்டுக்குப் பிறகு கையில் பென்சிலுடன் மறுமுறையும் படித்தேன். சைக்கிள் மிதிப்பதிலோ வாக்கியம் அமைப்பதிலோ உனக்கு நான் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமில்லை; ஆகையால் குசலப் பிரசினங்களை ஒதுக்கிவிட்டு நேரே சண்டைக்கு வருகிறேன்.

'நிசப்தம்' என்ற சொல்லை ஒன்பது இடங்களில் எழுதியிருக்கிறாய். பென்சிலால் வட்டமிட்டு எண்ணினேன். பிரதான சாலையை விட்டுக் கிராமச் சாலைக்குத் திரும்பியதும் லாரி ஹாரன் ஓய்ந்துபோகும் சுகத்தை நானும் ஐம்பது வருஷமாக அனுபவித்தவன், அதை ஆட்சேபிக்கவில்லை. ஆனால் லாரி ஓய்ந்தபின்தானே மற்றதெல்லாம் காதில் விழத் தொடங்குகிறது? மிதிப்பதை நிறுத்திச் சரிவில் விடும்போது பின்சக்கரத்தில் எழும் 'கிடுகிடு', ஆணி தளர்ந்த மட்கார்டின் முனகல், பனைமட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், வெகு தூரத்துக் கொல்லையிலிருந்து கேட்கும் மயிலின் அகவல், இவற்றில் ஒன்றுகூட உன் வியாசத்தில் இல்லை. காதில் எதையாவது செருகிக்கொண்டு போனாயோ என்று சந்தேகப்படுகிறேன். அதிலும் அந்தச் சொல்லை நீ குடுமியான்மலையில் பிரயோகித்திருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அங்கே ஒரு பாறையில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கணிக்கும் பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு ராகங்களுக்குரிய ஸ்வர வரிசைகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சங்கீதத்தைக் கல்லில் எழுதிவைத்த ஊரில் நின்றுகொண்டு நிசப்தம், நிசப்தம் என்கிறாயே!

இரண்டாவது குறை, பிரான்ஸ். 'பிரான்சு தேசத்துக் கிராமச் சாலை போல' என்று உபமானம் சொல்லியிருக்கிறாய். நீயும் அங்கே போனதில்லை, நானும் போனதில்லை. ஜூலை மாதத்து டெலிவிஷனில் சைக்கிள் பந்தயக்காரர்கள் பறந்து போவதைத்தான் இருவரும் பார்த்திருக்கிறோம். பந்தயத்துக்காகச் சாலையை அடைத்து வைத்த அமைதி அது. பிரான்ஸ் வந்தே தீர வேண்டும் என்றால் வெலோசியோ என்ற புனைபெயர் கொண்ட போல் தெ விவியை அழைத்து வந்திருக்கலாம். பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு, சேந்த் எத்தியேன் என்ற ஊரில் சைக்கிள் கடை வைத்து, 1887இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கி, மலையேற்றத்துக்குப் பல கியர்கள் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய மனிதர். மலைச் சாலைகளையெல்லாம் சுற்றி வந்த அவர், 1930இல், தாம் கடை வைத்திருந்த அந்த ஊர்த் தெருவிலேயே டிராம் மோதி இறந்தார். சாலையில் மிதித்தவனின் சரித்திரம் அது. உன் உபமானமோ காலண்டர் படம்.

இனி, உன்னைப் புகழ வேண்டிய இடத்துக்கு வருகிறேன். தயங்கித் தயங்கிப் புகழ்வது என் சுபாவமன்று. 'சாலை முழுவதும் ஏதோ ஒரு கொடியைப் பரப்பிவிட்டு, புளியமரத்து நிழலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வளைவையே பார்த்தபடி ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். என் சங்கிலியில் சுற்றிக்கொண்ட கொடியைப் பிரித்தெடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்' என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பகுதியை நான் நாலு முறை படித்தேன். இந்த ஜில்லாவின் சாலைகளைப் பற்றி எழுதியவர்களில் அந்தக் கைப்பிடிக் கொடியைத் திருப்பிக் கொடுத்தவர் உன்னைத் தவிர வேறு எவரும் இல்லை; அந்த ஒரு வாக்கியத்துக்காக உனக்குப் பொன்னாடை போர்த்தலாம்.

போர்த்திய கையோடு காதையும் திருக வேண்டியிருக்கிறது. ஏதோ ஒரு கொடியா? கொள்ளு, தம்பி, கொள்ளு! அறுத்த கொள்ளுக்கொடியைத் தாரில் பரப்பி வைத்தால், வண்டி ஏறி இறங்கி நெற்று வெடிக்கும். மாடு கட்டிப் போரடிக்க வழியில்லாதவர்களுக்குப் பஸ் டயர்தான் மாடு. (வழுக்கி விழுந்து முழங்கை தேய்ந்தவன் நான், அதனால் அந்த வழக்கத்தைச் சிலாகிக்கவும் மாட்டேன்.) அந்தக் கிழவி வளைவையே ஏன் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நீ கேட்கவில்லை. எப்போதாவது வரும் டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். உனக்கு ஏகாந்தமாகத் தோன்றிய வண்டியில்லாத சாலை, அவளுக்கு வேலை நடக்காத களம். உன் சைக்கிள் டயரின் கனத்தில் ஒரு படி கொள்ளுகூடத் தேறியிராது.

இப்போது என் பிடிவாதத்துக்கு வருகிறேன். என்னை அறிந்தவர்கள் இது வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். காற்று எங்கே? எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிஷம், சராசரி வேகம் எவ்வளவு என்று கைப்பேசி சொன்னதையெல்லாம் ஒப்பித்த நீ, காற்று எந்தத் திக்கிலிருந்து வீசியது என்பதை ஓரிடத்திலும் பிரஸ்தாபிக்கவில்லை. 'போகும்போது சிறகு முளைத்தது போலிருந்தது, திரும்பும்போது ஏனோ கால்கள் சோர்ந்தன' என்கிறாய். ஏனோ என்ன ஏனோ? தை மாதத்தில் வடகிழக்கிலிருந்து வாடை வீசுகிறது; மேற்கே போகிறவனை முதுகில் கைவைத்துத் தள்ளும், கிழக்கே திரும்புகிறவனை நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். எதிர்த்து வரும் வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகும் என்பது கணக்கு. உன் சிறகும் வாடைதான், உன் சோர்வும் வாடைதான். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று நாலு திக்குக்கும் நாலு பெயர் வைத்த பாஷையில் எழுதிக்கொண்டு, மோட்டார்க்காரனைப் போலக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதலாமா?

இந்தச் சாலைகளையும் சைக்கிளையும் பற்றிச் சொல்லும்போது 1991ஆம் வருஷம் ஞாபகம் வருகிறது. ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டை ஜில்லாவின் கலெக்டராக இருந்தார். பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் ஊரூராகப் பரவியிருந்தது. எழுத்துக் கற்றுக்கொள்ள வந்த பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். நான் தொண்டனாகப் போயிருந்த கிராமத்தில் சாலையைத் தவிர மைதானம் என்று ஒன்று கிடையாது; பகலில் கல் குவாரியில் ஜல்லி உடைத்துவிட்டு வந்த பெண்கள், இருட்டத் தொடங்கியதும், கடைசிப் பஸ் போன பிற்பாடு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நிற்பார்கள். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது என் உத்தியோகம். "விட்டுடாதீக சார், விட்டுடாதீக!" என்று கத்திக்கொண்டே போன ஒரு பெண், நான் விட்டுவிட்டு வெகு நேரமாகிவிட்டதைத் தெரிந்துகொள்ளாமல் கண்மாய்க் கரை வரை போய், இறங்கத் தெரியாமல், ஆவாரம்புதரில் சாய்ந்து நின்றாள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே கேட்டு வாங்கினார்கள். குறுக்கே ஒரு கம்பி இருக்கிறதே, அதில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்பது அவர்கள் சொன்ன நியாயம். அந்தப் புதர்க்காரியும் பிற்காலத்தில் கம்பியில் துண்டைச் சுற்றி, மகனை அதன்மேல் உட்கார்த்திப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு வந்தாள். 1992ஆம் வருஷத்து மகளிர் தினத்தன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் ஹாண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் வந்தபோது, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் மோட்டார்கள் நின்றுவிட்டன.

நீ ஏகாந்தத்தைத் தேடிப் போன அன்னவாசல் பக்கத்துச் சாலைகளும் அப்படிக் கற்றுக்கொண்டவர்கள் மிதித்த சாலைகளே. எதிரே சைக்கிளில் வந்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தியை 'கிராமியச் சித்திரம்' என்று அரை வரியில் கடந்துவிட்டாய். அவள் எந்த வருஷம் கற்றுக்கொண்டாள் என்று கேட்டிருக்க வேண்டும்.

வியாசம் புத்தகத்தில் சேரும்போது ஒன்பது நிசப்தத்தில் எட்டை எடுத்துவிடு. ஒன்பதாவதை உன் இஷ்டத்துக்கு விடுகிறேன். பிரான்ஸை எடுத்துவிடு. கொள்ளுக்குப் பெயர் கொடு. ஆடி பிறந்ததும் ஒரு நாள் புறப்பட்டு வா. விடியற்காலையில் வேண்டாம், மேல்காற்று நன்றாக எழும்பிய பிறகு பத்து மணிக்குக் கிளம்பி, குடுமியான்மலை வரை நேர் எதிர்க்காற்றில் மிதித்துப் பார்ப்போம். என் வண்டியின் பின் டயர் நூல் தெரியத் தேய்ந்துவிட்டது. வரும்போது 28க்கு ஒன்றரை அளவில் ஒன்று வாங்கி வா, பணத்தைக் கையோடு கொடுத்துவிடுகிறேன்.