ஏலக்காய் விலையில் தொடங்குங்கள்

ஏலக்காய் ஏல மையம் இன்று இருக்கும் புற்றடியில் பிறந்து, பாலங்களின் அதிர்வைக் கணக்கிடப் படித்து, பிறகு முப்பது வருஷம் சந்தை விலைகளைக் கணக்கிட்டவன் நான். பொறியியல் முடித்துவிட்டு, சந்தை விலைகளைக் கணிதத்தால் அளக்கும் 'குவான்ட்' வேலைக்குப் போக நினைக்கும் கொழிஞ்சாம்பாறை, மறையூர்த் தம்பி தங்கைகளுக்கு:

1. கணிதத்தில் பாதி உங்களிடம் இருக்கிறது. இரும்புத் தண்டில் வெப்பம் பரவும் சமன்பாட்டைப் படித்திருப்பீர்கள். ஆப்ஷன் விலையைக் கணக்கிட 1973இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டில் மாறிகளை மாற்றி எழுதினால் அதேதான் வரும். மீதிப் பாதி நிகழ்தகவு. சென்னையில் பிறந்த சீனிவாச வரதனுக்கு 2007இல் ஏபெல் பரிசு கிடைத்தது. அரிய நிகழ்வு எவ்வளவு அரிது என்று அளக்கும் அவருடைய கணிதம் அதற்கு முக்கியக் காரணம். சந்தையில் ஆளைச் சாய்ப்பது அந்த அரிய நிகழ்வுதான்.

2. முதல் பயிற்சிக்கு அமெரிக்கப் பங்கு வேண்டாம். ஸ்பைசஸ் போர்டு வெளியிடும் ஏலக்காய் விலைகளை எடுங்கள். 2018 வெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்தன, பின்னாலேயே வறட்சி வந்தது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022இல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே வந்தது. 2017 வரையுள்ள விலைகளை மட்டும் வைத்து மாடல் செய்து பாருங்கள். 7,000 அதில் வராது. ஏன் வரவில்லை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். ஒன்று கவனம்: 7,000 என்பது அன்றைய உச்ச விலை, சராசரி அல்ல. இரண்டையும் கலந்துவிட்டால் மாடல் முழுக்கத் தப்பாகிவிடும்.

3. குறவன், குறத்தி மலைகளுக்கு நடுவே நிற்கும் இடுக்கி அணைக்குக் கணக்குப் போட்டார்கள் என்பதற்காகத் தண்ணீர் தன் அழுத்தத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சந்தை தன் போக்கை மாற்றிக்கொள்ளும். ஏலத்தில் ஒருவர் மாதிரிக்காயை உள்ளங்கையில் உருட்டும்போதே பக்கத்து வியாபாரி அவர் முகத்தைப் படிப்பார். பழைய விலைகளும் ஏமாற்றும். என் முதல் வருஷத்தில் வாங்கி விற்பதற்கான நூறு விதிகளைப் பழைய விலைகளில் சோதித்து, நன்றாக வந்த ஒன்றில் பணத்தைப் போட்டேன். நூறில் ஒன்று தற்செயலாகவே நன்றாக வரும் என்பது மூன்று மாத நஷ்டத்துக்குப் பிறகுதான் புரிந்தது.

4. பைத்தான் கட்டாயம். சி++ பிறகு.

5. வீட்டுப் பணத்தில் ஆப்ஷன் வாங்கிப் பழகாதீர்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். அதே சந்தையில் பெரிய நிறுவனங்களின் லாபத்தில் பெரும்பங்கு கணினி வழி வியாபாரத்தில் வந்தது. நீங்கள் சேரப்போவது அந்தக் கணினிகளின் பக்கம். எதிர்ப்பக்கத்தில் நம் பக்கத்துப் போடிக்காரரோ சித்தூர்க்காரரோ இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு, வீட்டிலும் சொல்லிவிட்டுச் சேருங்கள்.