கிழக்கு நாற்காலி

சிரஞ்சீவி மருமகனுக்கு,

அடுத்த மாதம் உன்னை மேசன் சங்கத்து லாட்ஜின் தலைவராக, அதாவது மாஸ்டராக, அமர்த்தப்போகிறார்கள் என்று அறிந்து உண்டான சந்தோஷத்தோடு ஒரு விசாரமும் கூடவே வந்தது. ஏனெனில் நான்கு பக்கம் எழுதியிருந்த நீ, கழுத்துப் பட்டை, விருந்து, சடங்கு வசனங்களை மனனம் செய்யும் சிரமம் ஆகியவற்றையெல்லாம் விஸ்தாரமாகச் சொன்னாயே ஒழிய, அந்த ஓராண்டில் யாருக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று ஒரு வரியும் எழுதவில்லை.

மேசன் லாட்ஜுக்கு நம் ஜனங்கள் 'தலைவெட்டிக் கோயில்' என்று பெயர் வைத்தது உனக்குத் தெரியும். நான் சேர்ந்த இரவு வீடு திரும்பியதும் உன் பாட்டி விளக்கைத் தூக்கிப் பிடித்து என் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். வெட்டுப்படும் தலையைப் பற்றி எனக்குப் பயமில்லை, அப்பா. கிழக்கே மாஸ்டருக்குரிய அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் கனக்கத் தொடங்குகிற தலையைப் பற்றித்தான்.

அந்தக் கனம் இறங்க ஒரு பழைய சங்கதி சொல்கிறேன். நம் திருச்சிராப்பள்ளியில், ஆர்க்காட்டு நவாபின் குமாரர் உம்தத்-உல்-உமராவை 1770களிலேயே மேசனாகச் சேர்த்துக்கொண்டார்கள். அரசகுமாரனுக்குக் கதவு திறப்பதில் அதிசயமில்லை. அதே பத்தாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தோல் பதனிட்டு ஜீவனம் செய்த பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பருக்கு அவ்வூர் வெள்ளையர் லாட்ஜுகள் இடங்கொடுக்கவில்லை. பிரிட்டிஷ் படையோடு வந்திருந்த ஐரிஷ் லாட்ஜ் ஒன்றே அவரையும் அவருடைய தோழர்களையும் ஏற்றுக்கொண்டது. பிறகு ஹால் லண்டன் கிராண்ட் லாட்ஜுக்கு எழுதி, 1784-ல் தேதியிட்ட அனுமதிப் பத்திரம் 1787-ல் கைக்கு வந்து சேரும்வரை பொறுத்திருந்து, 'ஆப்பிரிக்கன் லாட்ஜ்' என்ற சபையை நிலைநிறுத்தி, 1807-ல் காலமாகும்வரை அதற்குத் தலைவராயிருந்தார்.

பத்திரம் வந்த மறுவருஷமே ஒரு சோதனை. பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று சுதந்திரக் கறுப்பர்களை வேலை தருவதாக ஆசைகாட்டிக் கப்பலில் ஏற்றி, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளாக விற்கக் கொண்டுபோய்விட்டார்கள். ஹால் தம் லாட்ஜ் சகோதரர்களைக் கூட்டிச் சட்டசபைக்கு மனுக் கொடுத்தார். பாதிரிமாரும் குவேக்கர்களும் தனித்தனியே மனுக் கொடுத்தார்கள். 1788 மார்ச்சில் மாசசூசெட்ஸ் சட்டசபை அடிமை வியாபாரத்தைத் தடுத்துச் சட்டம் செய்தது. கொண்டுபோகப்பட்ட மூவரும் சில மாதங்களில் ஊர் திரும்பினார்கள். கறுப்பர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைப்பதற்காகவும் ஹால் பாடுபட்டார். லாட்ஜுக்குள் மதமும் அரசியலும் பேசலாகாது என்ற விதியை நீ எனக்கு நினைவூட்டுவாய்; நல்ல விதிதான், பல சண்டைகளைத் தவிர்த்திருக்கிறது; ஆனால் வெளியே அநியாயத்தைக் கண்டால் வாய்மூடியிரு என்று அந்த விதிக்கு அர்த்தம் பண்ணிக்கொள்கிறவர்களை நான் மிகுதியாகவே பார்த்துவிட்டேன்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் மாஸ்டராயிருந்த வருஷத்தில் ஒரு வசனமும் பிசகியதில்லை, எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியிலே நான் மிதந்துகொண்டிருக்கையில், காலஞ்சென்ற சகோதரர் ஒருவரின் மனைவி தம் மகனுடைய பரீட்சைக் கட்டணத்துக்காக எழுதிய கடிதம் என் மேஜையில் மூன்று மாதம் பிரிக்கப்படாமல் கிடந்தது. பிரித்தபோது கட்டணம் கட்டும் நாள் கடந்துவிட்டது. மறுவாரம் பணத்தோடு போனேன். அந்த அம்மாள் காப்பி கொடுத்து உபசரித்தாள். பையன் ஒரு கடையில் கணக்கெழுதப் போய்விட்டான் என்று மட்டும் சொன்னாள். கூட்டந்தோறும் தர்மப் பை சுற்றி வருகிறதே, அதில் ரூபாய் போடுவது சுலபம்.

ஆகையால் வசனங்களில் ஒன்றிரண்டு பிசகினாலும் பாதகமில்லை. பக்கத்தில் உட்காரும் முன்னாள் மாஸ்டர் அடியெடுத்துக் கொடுப்பார். பதவியேற்கும் நாளுக்கு முன்பே, உதவி நிதியைக் கவனிக்கும் சகோதரரோடு உட்கார்ந்து, உங்கள் லாட்ஜில் காலமானவர்களின் குடும்பங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு ஜாபிதா தயார் செய். எழும்பூர், வேப்பேரிப் பக்கத்து விலாசங்களை எனக்கு அனுப்பு. முழங்கால் வலி இருந்தாலும் ரிக்‌ஷாவில் போய் விசாரித்துவிட்டு வருகிறேன். வைபவத்தன்று எனக்குக் கதவோரமாக ஒரு நாற்காலி போட்டு வை.

இப்படிக்கு,
உன் அம்மான்.