விஞ்ஞானப் பட்டத்திற்கு அலகுகளைத் திட்டமிடுதல்

பல்கலைக் கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட அமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்திற்குக் குறைந்தது 120 அலகுகளும், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்திற்கு 160 அலகுகளும் வேண்டும். மாணவர் வழக்கில் கிரெடிட் எனப்படுவதே ஈண்டு அலகு. ஒரு பருவத்தில் 15 மணி நேர விரிவுரை ஓர் அலகாகும். செய்முறைப் பயிற்சியாயின் 30 மணி நேரம் ஓர் அலகாகும்.

இவ்வேறுபாடு விஞ்ஞான மாணவருக்கு முக்கியமானது. மூன்று அலகு விரிவுரையும் ஓர் அலகு செய்முறையும் கொண்ட ஒரு பௌதிகத் தாளுக்குப் பருவத்தில் 75 மணி, அதாவது பதினைந்து வாரப் பருவத்தில் வாரத்திற்கு 5 மணி, செலவாகும். இத்தகைய மூன்று தாள்களுடன் எட்டு அலகு விரிவுரைகளையும் ஏற்றால், 20 அலகுக்கு வாரம் 23 மணி ஆகிறது. விரிவுரை மட்டும் கேட்பவருக்கு அதே 20 அலகு 20 மணியில் முடிந்துவிடும். ஆய்வுக்கூடக் குறிப்பேடு எழுதும் நேரம் இக்கணக்கில் சேரவில்லை.

மூன்றாண்டுப் பட்டத்தின் 120 அலகுகளில் பிரதான பாடத்திற்கு 60, துணைப் பாடத்திற்கு 24, பல்துறைப் பாடங்களுக்கு 9, மொழித்திறனுக்கு 8, தொழில்திறனுக்கு 9 என ஒதுக்கப்பட்டுள்ளது. எஞ்சிய பத்தும் பொதுப் பயன் பாடங்களாலும் கோடைகாலப் பயிற்சியாலும் நிரம்பும். கூட்டல் எளிது. இடர்ப்பாடு கூட்டலில் இல்லை, வரிசையில்தான் உள்ளது.

பௌதிகத்தைப் பிரதான பாடமாக ஏற்ற ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். நான்கு பருவங்களில் 80 அலகுகள் குறைவின்றிச் சேர்ந்துள்ளன. ஐந்தாம் பருவத்தில் குவாண்டம் இயக்கவியலில் சேர முற்படும்போது, வகைக்கெழுச் சமன்பாடுகளும் அணிகளும் அவர் படித்திராதவை எனத் தெரியவருகிறது. ஷ்ரோடிங்கர் சமன்பாடு ஒரு பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. அணுவின் ஆற்றல் மட்டங்கள் அதன் ஐகன் மதிப்புகளாகவே கிடைக்கின்றன. மின்காந்தவியலில் மாக்ஸ்வெல் சமன்பாடுகளும் வெக்டர் நுண்கணிதத்தின் மொழியில் எழுதப்பட்டவை. ஒரு தாள் ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டுமே நடைபெறும் கல்லூரியில், தவறிய முன்பாடம் ஓராண்டையே கொண்டுபோகக் கூடும். மகளின் படிப்பு முடியும் நாளை எண்ணிக் கடன் வாங்கிய குடும்பத்திற்கு அவ்வோராண்டு சிறிதன்று.

ஆதலால் திட்டத்தை முதற் பருவத்திலிருந்து அன்றி, இறுதிப் பருவத்திலிருந்து பின்னோக்கி எழுதுதல் வேண்டும். ஐந்தாம் பருவத்தில் குவாண்டம் இயக்கவியல் எனில், நான்காம் பருவத்திற்குள் வகைக்கெழுச் சமன்பாடுகளும் அணிகளும் முடிந்திருக்க வேண்டும். அவற்றுக்கு முன் நுண்கணிதம். ஆகவே அது முதலாண்டிலேயே இடம்பெற வேண்டும். இரசாயனத்திலும் வெப்ப இயக்கவியலுக்குப் பகுதி வகைக்கெழு தேவைப்படுவதால் நிலைமை ஏறத்தாழ இதுவே. தாவர இயலில் இச்சங்கிலி தளர்வானது. அங்கே பூக்கும் பருவத்தோடு களப்பணி பொருந்துவதே பெரிய கேள்வி.

இக்கணிதத்தைப் பல்துறைப் பாடங்களின் ஒன்பது அலகுகளில் அடக்கிவிடலாம் என எண்ணுவோர் உண்டு. அது கைகொடுக்காது. பிரதான, துணைப் பாடத் துறைகளில் மேனிலைப் பள்ளியில் பயின்றவற்றை அப்பிரிவில் மீண்டும் ஏற்க இயலாது. மேலும் அங்குள்ள தாள்கள் அறிமுக அளவினவே. கணிதத்தைத் துணைப் பாடமாகக் கொள்வதே தக்கது. 24 அலகுகள் என்பது நான்கு அலகுத் தாள்கள் ஆறு. மேற்கூறிய கணிதம் முழுவதும் அவற்றில் அடங்கும். இரண்டாம் பருவ முடிவில் பிரதான பாடத்தை மாற்றிக்கொள்ள அமைப்பு இடந்தருகிறது. அவ்வாறு மாற்றினாலும், முதலாண்டில் கற்ற நுண்கணிதம் எந்த விஞ்ஞானத் துறையிலும் வீணாகாது.

இடையில் விலக நேரிடும் மாணவருக்கு வேறு கணக்கு உண்டு. 40 அலகுகளுடன் முதலாண்டு முடிவில் விலகுவோர், கோடையில் நான்கு அலகுத் தொழிற்பாடம் ஒன்றை முடித்தால் சான்றிதழ் பெறுவர். 80 அலகுகளுடன் இரண்டாம் ஆண்டு முடிவில் விலகுவோர் அவ்வாறே பட்டயம் பெறுவர். மூன்றாண்டுக்குள் மீண்டும் சேர்ந்து, மொத்தம் ஏழாண்டுக்குள் பட்டத்தை முடிக்கலாம். குடும்ப நிலை உறுதியற்ற மாணவருக்கு ஆசிரியர் முதற் பருவத்திலேயே இதனைக் கூறி, அந்தக் கோடைப் பாடம் தம் கல்லூரியில் எப்போது நடைபெறும் என்பதையும் அலுவலகத்தில் கேட்டுச் சொல்லுதல் நலம்.