புளியரை வளைவும் நம் கடை வாசலும்

2024 பிப்ரவரி 25-ஆம் தேதி, நள்ளிரவு கடந்த நேரம். கேரளத்திலிருந்து பிளைவுட் பாரம் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி நோக்கி வந்த லாரி ஒன்று, செங்கோட்டைக்கு மேற்கே புளியரை எஸ் வளைவில் நிலைகுலைந்து, கீழே செல்லும் கொல்லம் ரயில் பாதையில் கவிழ்ந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். பாதையோரம் குடியிருந்த வயதான தம்பதியர் சத்தம் கேட்டு ஓடி வந்தனர். அந்த நேரம் பார்த்து ரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது. இருவரும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தை ஒட்டியே ஓடி, வெளிச்சத்தைக் காட்டி ரயிலை நிறுத்தினர். முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார்.

இச்செய்தியைப் படித்தபோது நாம் எல்லோரும் அந்தத் தம்பதியரை மனதாரப் பாராட்டினோம். பாராட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். ஆனால் இந்தச் சாலையில் இரவும் பகலும் ஓடும் பாரவண்டிகளில் பெரும்பகுதி நம் போன்றோரின் கொள்முதலுக்கும் விற்பனைக்கும் ஓடுபவை. சாலைப் பாதுகாப்பு போலீசும் ஆர்.டி.ஓ.வும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று வணிகர்களாகிய நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது. அதிகாரிகள் தரப்பில் இன்று என்ன முறை வந்திருக்கிறது, அதில் நமக்குள்ள இடம் எது என்பதை இங்கே சற்று விரிவாகவே பார்ப்போம்.

கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை (இப்போதைய எண் 744, பழைய எண் 208) ஆரியங்காவு கணவாயில் இறங்கி, புளியரை, செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று நம் மாவட்டத்தின் கடைவீதிகளை ஊடுருவியே ராஜபாளையம் போகிறது. புளியங்குடி எலுமிச்சையும், பாவூர்சத்திரம், சுரண்டை மார்க்கெட்டுகளின் காய்கறியும் மலையாளக் கரைக்குப் போக வேறு நல்ல வழி கிடையாது. ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு வரும் கார், வேன்களும், கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் இதே சாலையில்தான் சேர்கின்றன. நமக்கு அது சீசன் வியாபாரம். ஆனால் 2024 ஜனவரி 28 அதிகாலையில், குற்றாலத்தில் குளித்துவிட்டுக் காரில் ஊர் திரும்பிய புளியங்குடி இளைஞர்கள் ஆறு பேர், ஊரை எட்டுவதற்குள் லாரி மோதி மாண்டனர். 2025 நவம்பர் 24 அன்று கடையநல்லூர் அருகே இடைகால் பக்கத்தில் இரண்டு தனியார் பஸ்கள் நேருக்கு நேர் மோதியதில் அன்றே ஆறு பேர் இறந்தனர். தமிழ்நாடு முழுவதும் 2022-இல் நடந்த விபத்துகள் 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் நம் மாநிலத்துக்குத்தான். நாளொன்றுக்குச் சராசரி 49 பிணங்கள்.

விபத்து நடந்தவுடன் போலீஸ் வந்து யார் மேல் தப்பு என்று பார்த்து வழக்கு எழுதும். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பிரேக்கைப் பார்ப்பார். நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளருக்குச் சாலையின் வளைவும் சரிவும் தெரியும். தலையில் எங்கே அடி, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார் என்பது டாக்டருக்குத் தெரியும். நெடுங்காலம் இந்த நால்வரும் தத்தம் கணக்கைத் தத்தம் அலுவலகத்திலேயே வைத்திருந்தனர். நான்கு கூட்டாளிகள் நான்கு நோட்டு வைத்துக்கொண்டு, வருஷம் முடிந்தும் ஐந்தொகை எடுக்காத கடை எப்படியிருக்குமோ அப்படியிருந்தது நிலைமை. நஷ்டம் எந்த இனத்தில் என்று எவருக்கும் தெரியாது.

இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் ஒரு டாக்டர், அதுவும் நம் தமிழ்நாட்டுக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் பொதுநல மனு தாக்கல் செய்தார். அதன் பேரில் 2014 ஏப்ரலில் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்றை நீதிமன்றம் அமைத்தது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி உத்தரவில், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் காவல்துறை, சுகாதாரத்துறை, நெடுஞ்சாலைத்துறை அதிகாரிகள் ஒன்றாக அமரும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு கட்டாயம் வேண்டும் என்று கூறியது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 215-ஆம் பிரிவில் அதற்கு ஏற்கெனவே இடம் இருந்தது. ஏட்டில் இருந்ததை மேசைக்குக் கொண்டுவந்தது இந்த வழக்குதான். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22 அன்று. அதன்பின் நம் சாலைக்கான மனுவைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

நான்கு நோட்டையும் ஒரே பேரேட்டில் பதிவதற்கு ஏற்பாடும் வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த 'ஐராட்' என்னும் விபத்துப் பதிவு முறை 2021-இல் ஆறு மாநிலங்களில் வெள்ளோட்டம் விடப்பட்டபோது தமிழ்நாடும் அதில் ஒன்று. விபத்து இடத்துக்கு வரும் காவல் அதிகாரி கைப்பேசியிலேயே இடத்தையும் படத்தையும் பதிகிறார். அங்கிருந்து அது பொறியாளருக்கும், வாகன ஆய்வாளருக்கும், மருத்துவமனைக்கும் போகிறது. அவரவர் பகுதியை அவரவர் நிரப்ப வேண்டும். இப்படிச் சேரும் கணக்கிலிருந்துதான் 'கரும்புள்ளி' கண்டுபிடிக்கப்படுகிறது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிர்ச்சேதமோ பலத்த காயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து நடந்திருந்தால், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால், அது கரும்புள்ளி.

முறை நல்ல முறைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஏறுவதற்கு முதலில் ஆள் விழ வேண்டும். தினம் சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் சைக்கிள் மேல் பஸ் உரசப்போய் நூலிழையில் தப்புவதையும், மழை பெய்தால் குறிப்பிட்ட திருப்பத்தில் மோட்டார் சைக்கிள் வழுக்குவதையும் எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம் பார்க்கிறோம். காலை ஆறு முதல் இரவு பத்து வரை ஒரே இடத்திலிருந்து சாலையைப் பார்க்கிற தொழில் நம்முடையது. புளியரையில் டார்ச் காட்டிய தம்பதியருக்கு இருந்த அதே இடம்தான் நமக்கும். நால்வரின் பேரேட்டில் விட்டுப்போன ஐந்தாவது நோட்டு நம்மிடம் இருக்கிறது.

அந்த நோட்டை எப்படி எழுதுவது என்பதற்கு வழி சொன்னவர் வில்லியம் ஹாடன். அமெரிக்க மருத்துவர், 1966-இல் அந்நாட்டு அரசு நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கென அமைத்த அலுவலகத்துக்கு முதல் தலைவரானவர். எந்த விபத்தையும் 'முன், போது, பின்' என்று மூன்று காலமாகவும், 'ஆள், வண்டி, இடம்' என்று மூன்று இனமாகவும் பிரித்து ஒன்பது கட்டத்தில் எழுது என்றார். ஓர் உதாரணம் பார்ப்போம். அதிகாலை ஐந்து மணி. மளிகைக் கடை முன் அரிசி லோடு இறங்குகிறது. லாரியின் பாதி உடல் தார்ச் சாலையில். பின்விளக்கு எரியவில்லை. பால் கேனோடு மொபெட்டில் வருகிறவர் அதில் மோதுகிறார். 'மொபெட்காரர் கவனிக்கவில்லை' என்று ஒரே வரியில் முடிப்பது நம் வழக்கம். கட்டம் போட்டு எழுதினால் வேறு விதமாக இருக்கும். முன், ஆள்: லாரி ஓட்டுநர் இரவு முழுவதும் தூங்கவில்லை. முன், வண்டி: பின்புறம் ஒளிரும் பட்டை சேறு படிந்து மறைந்திருக்கிறது. முன், இடம்: லாரியை உள்ளே தள்ளி நிறுத்த இடம் இருந்திருக்கும், அந்த இடத்தில் நம் தகரப் பந்தலும், எண்ணெய் டின்களும், பெயர்ப்பலகையும் நிற்கின்றன. போது: தலைக்கவசம் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. பின்: 108-க்கு யார் கூப்பிடுவது என்று கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறது. ஒன்பதில் இரண்டு மூன்று கட்டங்கள் நம் கையில் இருப்பதை மறுக்க முடியுமா?

கடை முன் பந்தலை எடுக்கச் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது, சங்கத்தைக் கூட்டுகிறோம். வெயிலுக்கும் சாரலுக்கும் வாடிக்கையாளர் ஒதுங்க நிழல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பந்தல் தூண் பாதசாரியைத் தார்ச் சாலைக்குத் தள்ளினால், நஷ்டப்படுவதும் அதே வாடிக்கையாளர்தான். நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்ட திருநெல்வேலி–தென்காசிச் சாலை போன்ற இடங்களில் வேறொரு தகராறு. நடுத்தடுப்பில் தன் கடைக்கு நேரே இடைவெளி விட வேண்டும் என்பது ஒவ்வொரு கடைக்காரரின் ஆசை. அப்படிக் கடைக்கொரு வாசல் விட்டால் நான்கு வழிச் சாலை நாலாபுறமும் வெட்டும் சாலையாகிவிடும். விளக்குப் போட்ட, எச்சரிக்கைப் பலகை வைத்த ஒரே திறப்பை ஊருக்குப் பொதுவாகக் கேட்பதுதான் முறை என்பது நம் கருத்து. இதில் சில அன்பர்களுக்கு மனவருத்தம் ஏற்படலாம்.

அடுத்தது பாரம். 2018 ஜூலையில் மத்திய அரசு வரம்பை உயர்த்தியபின், முன்னால் இரண்டு, பின்னால் நான்கு டயர் உள்ள இரண்டு அச்சு லாரி சரக்கோடு சேர்த்து 18.5 டன் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் 2019 திருத்தச் சட்டத்தின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். மிகைச் சரக்கை இறக்கும் செலவு தனி. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டவைத்தவரும் அனுமதித்தவரும்கூட 194-ஆம் பிரிவுக்குள் வருகிறார்கள். 'இன்னும் நாலு மூட்டை சேர்த்துப் போடுப்பா' என்று சொல்லும்போது இதை நினைவில் கொள்ளுதல் நலம். அதைவிட, கணவாய் இறக்கத்தில் அந்த நாலு மூட்டையும் பிரேக்கின் மேல்தான் உட்காருகிறது. இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். அதனால்தான் ஏற்றத்துக்குப் போடும் கியரிலேயே இறங்கு என்கிறார்கள் பழைய ஓட்டுநர்கள்.

ஓட்டுநரை விரட்டுவதும் நாம்தான். மார்க்கெட் ஏலத்துக்கு முன் வந்து சேர் என்று வழியெல்லாம் போன் செய்கிறோம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே, ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று வகுத்தது. இ-வே பில் 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். காகிதம் தரும் அவகாசத்தைக்கூட நாம் தருவதில்லை.

சாரல் காலத்தில் இது இன்னும் பொல்லாதது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை பிரேக்கில் வைப்பதற்குள்ளேயே சுமார் 25 மீட்டர் போய்விடும். அதன்பின் காய்ந்த சாலையில் ஏறத்தாழ 20 மீட்டரிலும், நனைந்த சாலையில் ஏறத்தாழ 35 மீட்டரிலும் நிற்கும். ஆக மொத்தம் 45 மீட்டர் எங்கே, 60 மீட்டர் எங்கே! நடுவில் உள்ள 15 மீட்டர் என்பது நாலு கடை அகலம். பாரம் ஏற்றிய லாரிக்கு இன்னும் கூடும். தேய்ந்த டயரோடு வரும் குட்டி யானை வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

விபத்துக்குப் பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தை டாக்டர்கள் பொன்னான நேரம் என்கிறார்கள். தென்காசியிலிருந்து திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய கேஸ் என்றால் அந்த ஒரு மணி வழியிலேயே கரைந்துவிடும். அதனால் முதல் பத்து நிமிஷத்தை வீணாக்கக் கூடாது. தூக்கிவிட்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் நம்மவர்களிடம் இன்னும் போகவில்லை. 2016 மார்ச் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்ற உத்தரவும், 2019 திருத்தத்தில் வந்த 134-ஏ பிரிவும் இந்தப் பயத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குக் கிடையாது. பெயர், விலாசம் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. பணம் கட்டினால்தான் சேர்ப்பார்களோ என்ற தயக்கமும் வேண்டாம். 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும் சரி. கேரளத்து ஓட்டுநர்களுக்கு இதைக் கடையில் எழுதி ஒட்டி வைத்தாலும் தகும்.

இனி ஐந்தாவது நோட்டைப் பற்றி. நெடுஞ்சாலையோரக் கடைக்காரர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கடை முன் நடந்த மோதல், நூலிழையில் தப்பியது, வழுக்கி விழுந்தது ஆகியவற்றைத் தேதி, மணி, மழையா வெயிலா, விளக்கு எரிந்ததா என்ற விவரத்தோடு இரண்டு வரியில் எழுதி வரலாம். 'எங்கள் ஊரில் விபத்து அதிகம், நடவடிக்கை எடுக்கவும்' என்று பொதுவாக மனு எழுதினால் அது கோப்பில் தூங்கும். 'சாலையின் இந்தக் கிலோமீட்டர் கல்லுக்கு அருகில், மூன்று மாதத்தில் இரவு ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே பதினொரு தடவை' என்று எழுதினால் பொறியாளருக்கு அது வேலைக்கு ஆகிற தகவல். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, சாலைப் பாதுகாப்புக் குழுவில் வைக்கும்படி கேட்டு, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். வேகத்தடை மட்டுமே கேட்காமல் விளக்கு, வெள்ளைக்கோடு, லோடு இறக்கத் தனி இடம், அதற்கு நேரம் என்று கேட்கலாம்; கண்ட இடத்தில் போட்ட, வெள்ளையடிக்காத வேகத்தடை இரவில் அதுவே ஆளைத் தள்ளும். மனுவோடு போகும் முன், சம்பந்தப்பட்ட கடைகளின் பந்தலும் பலகையும் உள்ளே வந்திருக்கட்டும். இல்லாவிட்டால் ஆய்வுக்கு வரும் பொறியாளர் முதலில் படம் எடுப்பது அதைத்தான்.