அடை முட்டைகளை ஒளியில் சோதித்தல்

கோழி முட்டைகளை அடைக்கு வைத்த நாள் முதல் குஞ்சு பொரிக்க 21 நாட்கள் ஆகின்றன. இந்த மூன்று வார காலத்தில் முட்டைக்குள் நிகழும் வளர்ச்சியை, ஓட்டை உடைக்காமலே அறிந்துகொள்ள உதவும் எளிய முறை ஒளிச் சோதனையாகும். முற்காலத்தில் மெழுகுவத்திச் சுடரின் முன் முட்டையைப் பிடித்துப் பார்த்தனர். ஆங்கிலத்தில் இதற்குக் 'கேண்ட்லிங்' என்ற பெயர் ஏற்பட்டது அதனாலேயே.

கூமுட்டைகளைப் பொறுக்கி நீக்குவதற்கு மட்டுமே இச்சோதனை என்று பலர் எண்ணுகின்றனர். அது இதன் பயனில் ஒரு பகுதியே. குஞ்சு பொரிக்காமைக்குக் காரணம் சேவலா, முட்டையைச் சேமித்த முறையா, அடைகாப்பில் நேர்ந்த குறையா என்பதைப் பிரித்தறியலாம் என்பதே இதன் தலையாய பயன். பன்னிரண்டு முட்டைகளை வைத்து நான்கு குஞ்சுகளையே பெற்ற குடியானவர், சேவல் பயனற்றதெனக் கருதி அதை விற்றுவிடக்கூடும். உண்மைக் காரணம் வேறாயின், புதிய சேவல் வந்த பிறகும் நஷ்டம் தொடரும்.

சாதனமும் முறையும்

மரப்பெட்டி அல்லது தகரப்பெட்டி ஒன்றினுள் மின்விளக்கைப் பொருத்தி, பக்கவாட்டில் சுமார் 3 செ.மீ. விட்டமுள்ள துளையிட்டால் சாதனம் ஆயத்தமாகிவிடும். எல்.இ.டி. விளக்கு முட்டையை அதிகம் சூடாக்காது. மின்சாரம் இல்லாத இடத்தில் டார்ச் விளக்கே போதும். இருண்ட அறையில், முட்டையின் அகன்ற முனையைத் துளையோடு பொருந்தச் சற்றே சாய்த்துப் பிடித்து, மெல்லச் சுழற்றிப் பார்க்கவேண்டும். கைகள் தூய்மையாக இருத்தல் அவசியம். முட்டைகள் வெகுநேரம் வெளியில் இருக்கலாகாது. ஒரு தட்டிலுள்ளவற்றை 15 நிமிடங்களுக்குள் பார்த்து முடிப்பது நன்று. அடைக்கோழியின் முட்டைகளாயின், கோழி அமைதியாயிருக்கும் இரவு வேளையில் பார்க்கலாம்.

ஏழாம் நாள் சோதனை

வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களின் வெண்ணிற ஓட்டில் ஐந்தாம் நாளிலேயே கரு தெரியும். வனராஜா போன்ற இனங்களின் பழுப்பு நிற ஓட்டில் ஏழு அல்லது எட்டு நாட்கள் செல்லவேண்டும். இப்போது முட்டைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

(1) உயிருள்ளவை: சிலந்தியைப் போன்ற கரும்புள்ளி ஒன்றும், அதிலிருந்து எப்புறமும் கிளைத்தோடும் செந்நிற இரத்தக் குழாய்களும் தென்படும். முட்டையைச் சுழற்றினால் புள்ளியும் அசையும்.

(2) கரு இறந்தவை: இரத்தக் குழாய்கள் சிதைந்து, இரத்தம் வளையம் போலத் திரண்டு நிற்கும்.

(3) தெளிந்தவை: மஞ்சட் கருவின் மங்கிய நிழலைத் தவிர வேறொன்றும் தோன்றாது.

(4) ஐயத்திற்குரியவை: இவற்றில் பென்சிலால் குறியிட்டு மீண்டும் அடைக்கு வைத்து, மூன்று நாட்களுக்குப் பின் பார்க்கவேண்டும். இறந்த முட்டையை மூன்று நாள் வைத்திருப்பதால் பெரும் தீங்கில்லை. உயிருள்ளதை எறிந்துவிட்டால் அதை மீட்க இயலாது. ஆயின், துர்நாற்றம் வீசுவதையும் நீர் கசிவதையும் உடனே அகற்றிவிட வேண்டும். அவை வெடித்தால் கிருமிகள் மற்ற முட்டைகளிலும் பரவும்.

தெளிந்த முட்டையை உடைத்துப் பார்த்தல்

தெளிந்த முட்டைகள் யாவும் கருவுறாதவை எனக் கொள்வது தவறு. முதல் இரண்டொரு நாட்களிலேயே கரு இறந்திருந்தால் இரத்தக் குழாய்கள் உண்டாகியிரா. ஒளியில் அதுவும் தெளிந்தே தோன்றும். ஆகவே அவற்றை ஒரு தட்டில் உடைத்து மஞ்சட் கருவின் மேற்பரப்பை நோக்குக. கருவுறாததில் சிறிய, இறுகிய, ஒழுங்கற்ற விளிம்புடைய வெண்புள்ளி மட்டுமே காணப்படும். கருவுற்று மடிந்ததில் அகன்று பரவிய வெண்படலம் காணப்படும். முன்னதற்குச் சேவலின் முதுமை, நோய், பெட்டைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற சேவல் இன்மை ஆகியவற்றை ஆராயவேண்டும். பின்னதற்கு முட்டைகளைச் சேமித்த விதத்தை ஆராயவேண்டும். 27 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் முட்டைகளை வைத்தால், அடைக்கு வைக்குமுன்பே கரு ஒழுங்கின்றி வளரத் தொடங்கி வலுவிழந்துவிடும். கோடைக் காலத்தில் ஈர மணல்மீது வைத்த மட்பாண்டத்தில் முட்டைகளைச் சேமித்து, ஒரு வாரத்திற்குள் அடைக்கு வைப்பதே தக்க முறை.

பதினெட்டாம் நாள் சோதனை

இந்நாளில் அகன்ற முனையிலுள்ள காற்றறையைத் தவிர முட்டை முழுவதும் இருண்டிருக்கும்; காற்றறையின் விளிம்பில் குஞ்சின் அசைவைக் காணலாம். நீர் ஆவியாவதால் 18 நாட்களில் முட்டையின் எடையில் 11 முதல் 13 சதவீதம் குறைவது இயல்பு. 55 கிராம் முட்டையில் இது 6 அல்லது 7 கிராம் ஆகும். காற்றறை மிகச் சிறிதாயின் பொறியில் ஈரப்பதம் மிகுதி என்றும், மிகப் பெரிதாயின் குறைவு என்றும் அறியலாம். இச்சோதனைக்குப் பின் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை உயர்த்தவேண்டும்.

பதிவும் கணக்கும்

எடுத்துக்காட்டாக, 100 முட்டைகளில் ஏழாம் நாள் 14 தெளிந்தவை. இரத்த வளையமுள்ளவை 4. தெளிந்தவற்றை உடைத்துப் பார்த்ததில் 10 கருவுறாதவை, 4 கருவுற்று மடிந்தவை. பதினெட்டாம் நாள் இறந்தவை 2. எஞ்சிய 80 முட்டைகளில் 72 பொரித்தன எனக் கொள்வோம். கருவுற்றவை 90, அவற்றில் பொரித்தவை 80 சதவீதம். இங்குச் சேவலைக் குறைகூற இடமில்லை. முதல் வாரத்தில் மடிந்த 8 முட்டைகள் சேமிப்பையும் தொடக்க உஷ்ணநிலையையும், இறுதி மூன்று நாட்களில் மடிந்த 8 முட்டைகள் ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் ஆராயுமாறு சுட்டுகின்றன. தெளிந்தவற்றை உடைத்துப் பாராதிருந்தால், சேமிப்பில் நேர்ந்த இழப்பில் பாதி சேவலின் கணக்கில் சேர்ந்திருக்கும்.

பள்ளி ஆசிரியர்கள் ஒரே முட்டையின் காற்றறை எல்லையை 7, 14, 18 ஆகிய நாட்களில் ஓட்டின்மீது பென்சிலால் வரையச் செய்து, ஒவ்வொரு முறையும் எடையைக் குறிக்கச் செய்யலாம். களப்பணியாளர் ஒவ்வோர் ஈட்டிற்கும் தனிப் பதிவு வைத்து, முடிவைக் கோழி வளர்ப்போரிடம் விளக்கிச் சொல்லுதல் வேண்டும். எக்குறையைத் திருத்தவேண்டும் என்பதை அவர் அறிந்தால், அடுத்த ஈட்டின் முட்டைகள் வீணாகா.