சேற்றுக்குள் ஒரு கணக்கெடுப்பு

புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்னும் கரையோரப் பகுதி உள்ளது. கடல்நீர் வற்றும் வேளையில் அங்கே மணல்திட்டுகளும் கடற்புல் படுகைகளும் வெளிப்படும். கடல் நட்சத்திரம், கடல் அட்டை, கம்பளம்போல் விரிந்து கிடக்கும் கடற்சாமந்தி முதலிய முதுகெலும்பில்லா உயிரினங்கள் அங்கு வாழ்கின்றன. 2001ஆம் ஆண்டில் இப்பகுதியைத் தூர்த்து நிலமாக்கும் பணி தொடங்கவிருந்தது. அதற்குமுன், ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் நீர் வற்றிய நேரங்களில் கரையில் இறங்கி, கண்ட உயிரினங்களைப் பதிவுசெய்தனர். அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கம் அப்பணியைத் தள்ளிவைத்தது.

ஆனால், ஆபத்து வேறொரு திசையிலிருந்து வந்தது. 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் ஜொகூரில் கனமழை பெய்தது. ஆற்று வெள்ளம் கடலில் கலந்ததால் செக் ஜாவாவைச் சுற்றியிருந்த நீரின் உப்புத்தன்மை குறைந்தது. மீன்கள் நீந்தி விலகிவிடலாம். மணலைப் பற்றிக்கொண்டு வாழும் கடற்சாமந்தியால் அது முடியாது. வெளிநீரில் உப்புக் குறைந்தால் அந்நீர் உடலுக்குள் புகுந்து உயிரணுக்களை வீங்கச் செய்யும். கடற்சாமந்தி, கடல் அட்டை, கடற்பஞ்சு எனப் பல உயிரினங்கள் மடிந்தன. மழைக்குமுன் அங்கு என்னென்ன இருந்தன என்ற பதிவு கையில் இருந்ததால்தான் இழப்பின் அளவை உணர முடிந்தது. பின்னர், நீரோட்டத்தில் மிதந்து வந்த இளம் உயிரிகள் குடியேற, அந்தக் கரை மெல்ல மெல்ல மீண்டது.

நீர் வற்றினாலும் வெளியே தெரியாத கடலடியில் என்ன இருக்கிறது? இதை அறிய, தேசியப் பூங்காக் கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் இணைந்து 2010 முதல் 2015 வரை விரிவான கணக்கெடுப்பை நடத்தின. வெளிநாட்டு வல்லுநர்களும் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களும் அதில் பங்கேற்றனர். 2012இல் வடக்கேயுள்ள ஜொகூர் நீரிணையிலும், 2013இல் தெற்குத் தீவுகளை ஒட்டிய கடலிலும் ஆய்வுப் பயணங்கள் நடைபெற்றன. படகிலிருந்து இறக்கப்பட்ட இரும்புக் கருவிகள் அடிச்சேற்றை அள்ளி வந்தன. சேற்றைச் சல்லடையில் இட்டு நீரூற்றி அலசி, எஞ்சியவற்றைத் தரம்பிரித்தனர். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால், விரல்நகத்தைவிடச் சிறிய புழுவையும் நண்டையும் வேறு எப்படிக் கண்டுபிடிப்பது?

வடக்கும் தெற்கும் ஒரே சிறிய நாட்டின் கடல்தான். எனினும், அடித்தரை ஒன்றல்ல. ஜொகூர் நீரிணை குறுகலானது; 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் அதன் நீரோட்டத்தை மறிக்கிறது. நீர் மெதுவாக நகரும் இடத்தில் நுண்ணிய மண் படியும். அந்தச் சேற்றில் மட்கிய உணவு நிறைய உண்டு. ஆனால், மேற்பரப்பிலிருந்து சற்றுக் கீழே போனாலே உயிர்வளி குறைந்துவிடும். கறுத்த சேறு அழுகிய முட்டைபோல் நாறும். இங்கே வாழ வல்லவை வளை தோண்டும் உயிரினங்களே. சில புழுக்கள் உடலை அசைத்து வளைக்குள் புதுநீரை இழுக்கின்றன. அவ்வாறு வரும் உயிர்வளி சுற்றியுள்ள சேற்றுக்கும் பயன்படுகிறது. புழு என்றதும் முகம் சுளிப்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

தெற்கே சிங்கப்பூர் நீரிணையில் நீரோட்டம் வேகமானது. அது நுண்மண்ணை அடித்துச் செல்வதால் பல இடங்களில் பாறையும் கிளிஞ்சல் துண்டுகளும் மிஞ்சுகின்றன. அவற்றின்மேல் கடற்பஞ்சுகளும் பவளங்களும் ஒட்டி வளர்கின்றன. கடற்பஞ்சு இரைதேடி அலைவதில்லை. ஓடிவரும் நீரை வடிகட்டி உணவைப் பெறுகிறது. அதே கடற்பஞ்சின் இடுக்குகளில் சிறு நண்டுகளும் இறால்களும் ஒண்டி வாழ்கின்றன.

கணக்கெடுப்பில் அறிவியலுக்கே புதியவை எனக் கருதப்பட்ட ஏறத்தாழ 100 இனங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, உடலைச் சேற்றில் புதைத்து வாழும் சிறிய கடற்சாமந்தி. வாயைச் சுற்றிச் சிவப்பாக இருப்பதால் அதற்கு 'உதட்டுச்சாயக் கடற்சாமந்தி' என்ற செல்லப்பெயர் அமைந்தது. அதன் அறிவியல் பெயரிலோ சிங்கப்பூரின் பழம்பெயரான 'தெமாசெக்' இடம்பெற்றுள்ளது. ஏற்கெனவே அறியப்பட்ட எந்தப் பேரினத்திலும் அது பொருந்தவில்லை. அதனால், அதற்கெனப் புதிய பேரினம் ஒன்றையே உருவாக்க வேண்டியதாயிற்று.